தைராய்டு மாத்திரையும் மல்லித் தண்ணீரும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், கேட்ட விதம் மட்டும் வேறு: "மாத்திரை இல்லாமல் தைராய்டைச் சரிபண்ண முடியாதா?" காரைக்குடியில் என் கிளினிக்கிலும் தினமும் காதில் விழுவதுதான். தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். கீழே அடிக்கடி வரும் டிஎஸ்எச் என்பது, தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் அது ஏறும். அதிகமாகச் சுரப்பவர்கள் இதை வைத்து எதுவும் முடிவு செய்ய வேண்டாம்.

கொத்தமல்லி விதையை இரவு ஊறவைத்து, காலையில் கொதிக்கவைத்துக் குடித்தேன். மூன்று மாதத்தில் டிஎஸ்எச் 7.2-லிருந்து 4.1-க்கு வந்துவிட்டது. அப்புறம் எதற்கு மாத்திரை? (பள்ளத்தூர் வாசகி)

மல்லித் தண்ணீர் நல்லதுதான், குடியுங்கள். ஆனால் டிஎஸ்எச் இறங்கியதற்கு அதுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. 5-க்கும் 10-க்கும் நடுவில் நிற்கும் டிஎஸ்எச் பலருக்கு எதுவும் செய்யாமலே இறங்கிவிடும். காய்ச்சலில் படுத்து எழுந்த கையோடு பார்த்தால் ஏறியிருக்கும். பிள்ளை பெற்ற சில மாதங்களில் ஏறி, அப்புறம் தானே சரியாகும். காலை ஆறு மணிக்கு எடுத்த ரத்தத்துக்கும் மதியம் எடுத்த ரத்தத்துக்கும்கூட வித்தியாசம் வரும். மதியம் குறைவாகக் காட்டும். அந்த மூன்று மாதமும் நீங்கள் சுக்குக்காப்பி குடித்திருந்தால் பெயர் சுக்குக்குப் போயிருக்கும்.

டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியாக இருந்து, டிஎஸ்எச் 10-க்குக் கீழே இருந்து, உடம்புக்கு ஒன்றும் இல்லை, கர்ப்பமும் இல்லை என்றால் நாங்களே பல சமயம் மாத்திரை எழுதுவதில்லை. இரண்டு மூன்று மாதம் விட்டு மறுபடி பார்ப்போம். நீங்கள் மல்லித் தண்ணீரோடு மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா என்பதை எழுதவில்லை. சாப்பிட்டிருந்தால், இறக்கியது அதுதான்; நிறுத்தாதீர்கள். சாப்பிடவில்லை என்றால் ஒரே ஒரு தடவை ஆன்டி டிபிஓ (உடம்பே தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும்) பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது பாசிட்டிவாக இருந்தால் வருஷத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்க்க வேண்டியிருக்கும்.

அப்பத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் சித்த வைத்தியம்தான். வைத்தியர் அன்னபேதிச் செந்தூரமும் முத்துச்சிப்பிப் பற்பமும் கொடுக்கிறார். தைராய்டு மாத்திரையும் விடாமல் சாப்பிடுகிறேன். ஆனாலும் டிஎஸ்எச் ஏறிக்கொண்டே போகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதா? (தேவகோட்டை)

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். அன்னபேதி என்பது இரும்பு உப்பு. முத்துச்சிப்பிப் பற்பம், சங்கு பற்பம், பவளப் பற்பம் எல்லாம் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்து. இரும்பும் சுண்ணாம்பும் வயிற்றுக்குள் தைராய்டு மாத்திரையைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ரத்தத்தில் சேர விடாது. நாங்கள் எழுதிக்கொடுக்கும் அயர்ன் மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் செய்வது இதே வேலைதான். ஆக, இதில் சித்தம், ஆங்கிலம் என்ற சண்டையே இல்லை. மாத்திரைக்கும் இவற்றுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருந்தால் போதும்.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு அம்மாவுக்கு டிஎஸ்எச் இறங்கவே இல்லை. 50 மைக்ரோகிராம் மாத்திரையை 75 ஆக்கினேன், 75-ஐ 100 ஆக்கினேன். மூன்றாம் தடவை வந்தபோதுதான் "காலையில் வேறு என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்கத் தோன்றியது. மாத்திரை, அது தொண்டையை விட்டு இறங்குமுன் டிகிரி காப்பி, அதன் பின்னாலேயே தேனில் குழைத்த செந்தூரம்! காப்பியே மாத்திரையின் சத்து சேர்வதைக் குறைக்கும். நேரத்தை மாற்றிச் சாப்பிடச் சொன்ன பிறகு அவருக்கு 75 போதுமானதாக இருந்தது.

எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி. செந்தூரமும் பற்பமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள், அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை. மாத்திரை அளவை அதுவரை கூட்ட வேண்டாம். வைத்தியரிடம் இந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள், டாக்டரிடம் செந்தூரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று மறைப்பதால்தான் இத்தனை குழப்பமும். பாதரசமும் பாஷாணமும் (ஆர்சனிக் போன்ற நஞ்சு) சேர்ந்த மருந்துகள் சித்தத்தில் உண்டு என்பதால், பெயர் ஒட்டாத பொட்டலத்தை மட்டும் யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அரசு மருத்துவமனைகளிலேயே சித்த பிரிவு இருக்கிறது, பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள்.

மகள் அமெரிக்காவிலிருந்து கடற்பாசி மாத்திரை அனுப்பியிருக்கிறாள். தைராய்டுக்கு அயோடின் நல்லதுதானே? (கானாடுகாத்தான்)

மகள் அன்பாக அனுப்பியது, இருந்தாலும் பீரோவிலேயே இருக்கட்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய அயோடின் 150 மைக்ரோகிராம். கடற்பாசி மாத்திரையில் அதைப்போலப் பல மடங்கு இருக்கலாம், பாட்டிலுக்குப் பாட்டில் மாறவும் செய்யும். அளவுக்கு மிஞ்சி அயோடின் வந்தால் தைராய்டு தானே கதவைச் சாத்திக்கொள்ளும். நல்ல தைராய்டு சில நாளில் திறந்துவிடும். ஹாஷிமோட்டோ இருப்பவர்களுக்குச் சாத்தியது சாத்தியபடியே நின்றுவிடலாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் இந்த நோயை 1912-ல் விவரித்தவர் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய டாக்டர். அயோடின் உப்பு புழங்கும் ஊர்களில் தைராய்டு குறைவுக்கு முதல் காரணம் இதுதான், அயோடின் பற்றாக்குறை இல்லை.

இந்துப்பு நல்லது என்று மாறியவர்கள் கவனிக்க: அதில் பெரும்பாலும் அயோடின் சேர்ப்பதில்லை. நம் கடையில் விற்கும் அயோடின் உப்பில் குறைந்தது 15 பிபிஎம் (கிலோவுக்கு 15 மில்லிகிராம்) அயோடின் இருக்க வேண்டும் என்பது சட்டம். அதுவும், தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் மீனும் போதும்.

'தைராய்டு சப்போர்ட்' என்று ஆன்லைனில் விற்கும் மாத்திரைகளும் வேண்டாம். 2013-ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் அப்படிப்பட்ட 10 தயாரிப்புகளைச் சோதித்தார்கள். 9-ல் டி3 என்ற தைராய்டு ஹார்மோனே இருந்தது. 'மூலிகை சாப்பிட்டதும் சுறுசுறுப்பு வந்தது' என்று சிலர் சொல்வதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம்.

கோஸ், காலிஃபிளவர், கேழ்வரகு, மரவள்ளிக் கிழங்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். சரிதானே? (புதுவயல்)

இவை தைராய்டைத் தடுக்கும் என்ற பயத்தில் நிறுத்த வேண்டியதே இல்லை. வேகவைத்து, வீட்டுச் சாப்பாட்டு அளவில் சாப்பிடுங்கள். பச்சைக் கோஸ் ஜூஸை மட்டும் தினமும் டம்ளர் டம்ளராகக் குடிக்காதீர்கள்.

அமுக்கராப் பொடி (அஸ்வகந்தா) தைராய்டைத் தூண்டும் என்கிறார்களே? (கோட்டையூர்)

ஓரளவு உண்மை, அதனால்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. லேசான குறைவு உள்ள 50 பேரை வைத்து 8 வாரம் நடந்த ஓர் ஆய்வில் டிஎஸ்எச் இறங்கியிருக்கிறது. 50 பேரை வைத்து ஊருக்கே மருந்து சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், இதைச் சாப்பிட்டுத் தைராய்டு அளவுக்கு மீறிப் போனவர்களைப் பற்றியும், கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் இதையும் சேர்த்தால் படபடப்பு வரலாம். ஆசையாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, டிஎஸ்எச் பார்த்துக்கொண்டு சாப்பிடுங்கள். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

மாத்திரை என்றாலே கெமிக்கல். காலம் பூராவும் கெமிக்கலை உள்ளே தள்ளச் சொல்கிறீர்களா? (குன்றக்குடி)

கோபம் புரிகிறது. ஒரு பழைய கதை சொல்கிறேன். 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரி என்ற டாக்டர், தைராய்டு வற்றிப்போய் முகம் வீங்கி மந்தமாகிவிட்ட ஒரு பெண்மணிக்கு ஆட்டுத் தைராய்டின் சாற்றை ஊசியில் ஏற்றினார். அந்த அம்மா எழுந்து நடமாடி, 1919 வரை, 74 வயதுவரை வாழ்ந்தார். அத்தனை வருஷத்தில் அவருக்காகப் பயன்பட்டவை 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டுகள். இயற்கை வைத்தியம் என்றால் இதைவிட எது?

அந்தச் சாற்றுக்குள் வேலை செய்த சரக்கைப் பிரித்தெடுத்து, பிறகு ஆடு இல்லாமலே செய்யக் கற்றுக்கொண்டார்கள். உங்கள் பாட்டிலில் இருப்பது அதுதான். உங்கள் கழுத்தில் சுரக்க வேண்டிய டி4-க்கும் அதற்கும் ஒரு அணுகூட வித்தியாசம் கிடையாது. ஊருணி வற்றினால் லாரித் தண்ணீர் வாங்குகிறோம். ஊருணி நிறையும்வரை வாங்கித்தான் ஆகவேண்டும். சிலருக்கு நிறையும், பலருக்கு நிறையாது.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் சாப்பிடுகிறேன். தைராய்டு ரிப்போர்ட் திடீரென்று தலைகீழாக வந்திருக்கிறது. (காரைக்குடி)

பல லேப்களில் பயோட்டின் பரிசோதனையையே ஏமாற்றிவிடும். டிஎஸ்எச் குறைவாகவும் டி4 கூடுதலாகவும் பொய்யாகக் காட்டும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். அதுவரை தைராய்டு மாத்திரையைக் குறைக்க வேண்டாம்.

மகள் இரண்டு மாதம் முழுகாமல் இருக்கிறாள். இங்கிலீஷ் மாத்திரை பிள்ளைக்கு ஆகாது, கஷாயம் போதும் என்கிறார்கள் சம்பந்தி வீட்டில். பெரியவர்களை எப்படி மறுத்துப் பேசுவது? (திருப்பத்தூர்)

நீங்கள் மறுத்துப் பேச வேண்டாம், நான் பேசுகிறேன். அவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். ஆனால் இன்றைய மாத்திரையை இன்றே சாப்பிடச் சொல்லுங்கள். வயிற்றுப் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் தைராய்டு ஹார்மோன் முழுக்கத் தாயிடமிருந்துதான் போகிறது, மூளை உருவாகும் காலம் அது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவருக்குக் கர்ப்பத்தில் அளவு பெரும்பாலும் 25-30 சதவீதம் கூட்ட வேண்டிவரும். ஐந்தாம் மாதம்வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை டிஎஸ்எச் பார்க்க வேண்டும். மற்ற சில கேள்விகளுக்கு "முயன்று பாருங்கள், சோதித்துப் பாருங்கள்" என்றேன். இதில் முயன்று பார்ப்பதற்கு இடமே இல்லை.

சர்வாங்காசனம் செய்தால் எடை குறையுமா? கல்யாண வீட்டுக்குப் போய் மூன்று நாள் மாத்திரையை மறந்தால் என்ன ஆகும்? (ஒரே வாசகியின் இரண்டு கேள்விகள்)

ஆசனம் செய்யுங்கள், அசதி குறையும். தைராய்டை அது சுரக்க வைக்காது. எடை ஏறியது முழுவதையும் தைராய்டின் தலையில் போடவும் முடியாது. அதனால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உடம்பில் தேங்கும் உப்பும் நீரும். மிச்சக் கணக்கு கந்தரப்பத்திடமும் வெள்ளைப் பணியாரத்திடமும் இருக்கிறது.

மாத்திரையின் சத்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏழு நாள் பிடிக்கும். அதனால் மூன்று நாள் மறந்ததற்குப் பயப்பட வேண்டாம், நாளைக் காலையிலிருந்து வழக்கம்போல ஆரம்பியுங்கள். பாட்டிலை மட்டும் சித்திரை வெயிலில் காருக்குள் போட்டுவிட்டுப் பந்திக்குப் போகாதீர்கள். சூட்டில் மருந்து வீரியம் இழந்துவிடும்.