இதயம் நின்றுவிடுமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

கேள்வி: 68 வயது அப்பாவைக் காய்ச்சல், மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவில் சேர்த்திருக்கிறோம். ஈசிஜி நார்மல் என்கிறார்கள். ஆனாலும் இதயம் திடீரென நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வெளியிலிருக்கும் பரிசோதனை மையத்து ஆள் ஒருவர், ஏஐ மூலம் முன்பே கண்டுபிடிக்கும் டெஸ்ட் இருக்கிறது, அழைத்து வாருங்கள் என்கிறார். போகலாமா?

பதில்: போகாதீர்கள். மூச்சுத் திணறும் ஒருவரை மானிட்டரிலிருந்து கழற்றி வெளியே கொண்டுபோவதுதான் இப்போதைக்குப் பெரிய ஆபத்து. அவசரப் பிரிவு வாசலில் நின்று ஆள் பிடிப்பவருக்குக் கமிஷன் முக்கியம், உங்கள் அப்பா அல்ல.

ஏஐ மென்பொருள்கள் இருக்கின்றன, சில பரவாயில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 1000 நோயாளிகளில் 5 பேருக்கு இதயம் நிற்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதில் 4 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. மீதிப் பேரில் பத்தில் ஒருவருக்குத் தவறாக மணி அடிக்கிறது. கிட்டத்தட்ட 100 பொய் மணி, 4 உண்மை மணி. டாக்டர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆளையும் பார்த்து முடிவெடுக்கலாம். தாளில் அச்சடித்து உங்களிடம் விற்பதில் ஒரு பயனும் இல்லை.

ஈசிஜி நார்மல் என்பது அந்தப் பத்து விநாடிக்கு மட்டும்தான். ஆனால் காய்ச்சல், மூச்சுத் திணறலோடு வருபவர்களுக்குப் பெரும்பாலும் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நிற்பதில்லை. சில மணி நேரம் முன்பே மூச்சு, நாடி, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, நினைவு இவற்றில் ஏதாவது சரியத் தொடங்கும். இவற்றுக்கெல்லாம் மதிப்பெண் போட்டுக் கூட்டும் நியூஸ்-2 என்ற முறையைப் பிரிட்டனில் 2017-ல் கொண்டுவந்தார்கள். கூட்டல் 7 அல்லது அதற்கு மேல் போனால் உடனே மூத்த குழு வர வேண்டும். செலவே இல்லாத முறை.

இதில் மூச்சு எண்ணிக்கைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். அதைத்தான் யாரும் எண்ணுவதில்லை! சார்ட்டைப் புரட்டுங்கள், வரிசையாக 18, 20, 18 என்று இருக்கும். ஒரு நர்ஸின் தலையில் இத்தனை கட்டில்களைக் கட்டினால் வேறென்ன எழுதுவார்? நீங்களே கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 25-ஐத் தொட்டால் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். உடல் மோசமாகும்போது நாடி வேகமாகும் என்பது பொது விதி. அப்பா மெட்டோப்ரலால், அடினலால் போன்ற, நாடியை வேகமெடுக்க விடாத மாத்திரை சாப்பிடுபவரா? அப்படியென்றால் நிலைமை கெட்டாலும் நாடி 80-க்குள் சாதுவாக இருக்கலாம், மதிப்பெண்ணும் குறைவாகவே வரும். மாத்திரைப் பட்டியலைக் கேட்டால் எல்லோரும் ‘பிரஷருக்கு ஏதோ’ என்கிறார்கள். அட்டையையே கொண்டுவந்து காட்டுங்கள். கண் அழுத்தத்துக்கு டிமோலால் சொட்டு மருந்து விடுகிறாரா? அதுவும் இதே இனம், கண்ணில் விட்டாலும் கொஞ்சம் ரத்தத்துக்குப் போகும். கண் மருந்து தானே என்று விட்டுவிடாமல் அதையும் சொல்லுங்கள்.

அப்புறம், பேச்சு குழறினால், திடீரென உளறினால், கூப்பிட்டும் சரியாக விழிக்காவிட்டால் ‘தூங்கட்டும்’ என்று விடாதீர்கள். குளிர்ந்து வியர்த்தாலும், சிறுநீர் குறைந்தாலும் சொல்லுங்கள். மானிட்டர் எண் நன்றாகத்தானே இருக்கிறது என்று பதில் வந்தால், ‘காலையில் இருந்த மாதிரி இல்லை, ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள்’ என்று விடாமல் கேளுங்கள்.