வேண்டியதில்லை என்றால் கூடாது என்று அர்த்தமா?

அன்புள்ள ஐயா,

நான் கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் குழுவில் அமெரிக்காவிலிருந்து ஒரு யூதப் பெண் இருக்கிறார். கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். சில மாதங்களுக்கு முன் அவருடைய அப்பா இறந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் ஜெப ஆலயத்துக்குப் போய் 'கதீஷ்' என்ற பிரார்த்தனையைச் சொல்லிவிட்டுத்தான் எங்கள் மீட்டிங்குக்கு வருகிறார். அங்கே பெண்கள் திரைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டுமாம். யூத ஆண்கள் தினமும் காலையில் 'என்னைப் பெண்ணாகப் படைக்காததற்கு நன்றி' என்று சொல்வார்கள் என்று இணையத்தில் படித்து அதிர்ந்துபோனேன். இவ்வளவு படித்தவர் இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறார்? வெளியே வந்துவிடலாமே? நம் ஊர் எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றியது. இதை அவரிடமே கேட்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் பழைய திருவாசகப் புத்தகத்தை பைண்டிங் கடையிலிருந்து வாங்கி வந்த அன்று உங்கள் கடிதம் வந்தது. ஒரு மாதமாக மனதில் கிடந்ததை அது கிளறிவிட்டது. இல்லாவிட்டால் உங்களுக்கு இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன்.

முதலில் அந்தக் காலை வேண்டுதல். ஆமாம், உண்மைதான். பழைமைவழி யூதர்களின் பிரார்த்தனைப் புத்தகத்தில் அது இன்றும் இருக்கிறது. அதே இடத்தில் பெண்கள் 'தம் சித்தப்படி என்னைப் படைத்தவர்' என்று சொல்வார்கள். ஆணுக்குக் கடமைகள் அதிகம், அந்தக் கடமைகளுக்காகத்தான் நன்றி சொல்கிறான் என்று விளக்கம் தருவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சீர்திருத்தப் பிரிவினர் அந்த வரியை எப்போதோ எடுத்துவிட்டார்கள். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் ஆபிரகாம் ஃபரிசோல் என்பவர் ஒரு பெண்ணுக்காகக் கையால் எழுதிக்கொடுத்த பிரார்த்தனைப் புத்தகத்தில், 'ஆணாக அல்லாமல் பெண்ணாக என்னைப் படைத்தாய்' என்றே நன்றி இருக்கிறது. திரையைப் பற்றி எழுத இன்று எனக்கு மனமில்லை, விட்டுவிடுகிறேன்.

ஆனால் 'வெளியே வந்துவிடலாமே' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! அண்ணன் தம்பிகள் கூடத்தைப் பிடித்துக்கொண்டால் தங்கை வீட்டை விட்டே போய்விட வேண்டுமா? அவளுக்கும் அது அப்பா வீடு. யூதச் சட்டம் பெண்ணை உண்மையாகவே கட்டிப்போடும் இடம் ஒன்று உண்டு, விவாகரத்து. கணவன் தன் கையால் 'கெட்' என்ற விடுதலைப் பத்திரத்தைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்க மறுத்தால் அவள் மறுமணம் செய்துகொள்ள முடியாது, வருடக்கணக்கில் அப்படியே கிடக்க வேண்டியதுதான். இஸ்ரேலில் 1995இல் வந்த சட்டத்தின்படி, இப்படி மறுப்பவனின் ஓட்டுநர் உரிமத்தைப் பிடுங்கலாம், சிறையில்கூடப் போடலாம். அப்படியும் அந்தத் துயரம் தீர்ந்தபாடில்லை. இந்தப் பெண்களுக்காக ரப்பிகளின், அதாவது யூத மத குருக்களின், நீதிமன்றத்தில் நின்று வாதாடுகிறவர்களில் சட்டத்தைக் கரைத்துக் குடித்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் உங்கள் பேச்சைக் கேட்டு வெளியே போயிருந்தால், உள்ளே மாட்டிக்கொண்டவளுக்காக யார் பேசுவது?

சரி, சட்டம் என்னதான் சொல்கிறது? கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற யூதச் சட்ட நூலில், காலத்தோடு கட்டப்பட்ட 'செய்' என்ற கட்டளைகளிலிருந்து பெண்களுக்கு விலக்கு என்று இருக்கிறது. குறித்த நாளில் கொம்பு ஊதுவதைக் கேட்பது, கூடாரப் பண்டிகைக்குக் குடிசையில் இருப்பது, வேத வரிகள் அடங்கிய தோல் பேழைகளை நெற்றியிலும் கையிலும் கட்டிக்கொள்வது எல்லாம் இதில் வரும். பிரார்த்தனைக்கு விலக்கு இல்லை. பெண்ணும் பிரார்த்திக்கக் கடமைப்பட்டவள் என்று அதே மிஷ்னா சொல்கிறது.

விலக்கு என்றால் என்ன? 'நீ செய்ய வேண்டியதில்லை.' அவ்வளவுதான். 'நீ செய்யக் கூடாது' என்பது வேறு வாக்கியம். தமிழ் தெரிந்த யாருக்கும் இந்த வித்தியாசத்தை விளக்க வேண்டாம். ஆனால் 'வேண்டியதில்லை' என்பது நாளாக ஆகக் 'கூடாது' ஆகிவிடுகிறது. யார் மாற்றினார்கள், எப்போது மாற்றினார்கள் என்று யாருக்கும் தெரிவதில்லை. பைபிளில் வரும் சவுல் ராஜாவின் மகள் மீகாள் அந்தத் தோல் பேழைகளைக் கட்டிக்கொள்வாள், அறிஞர்கள் அவளைத் தடுக்கவில்லை என்று, மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூத் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவிலிருந்த ரப்பி மோசே இசெர்லெஸ், பெண்கள் கட்ட முன்வந்தால் தடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். 'தடுக்கவில்லை' எப்படித் 'தடுக்க வேண்டும்' ஆயிற்று என்று பாருங்கள்.

உங்கள் தோழி சொல்லும் கதீஷுக்கும் இதே கதிதான். அது அரமேய மொழிப் பிரார்த்தனை. சாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது, முழுக்கக் கடவுளின் பெருமைதான். பெற்றவர்களுக்காக மகன் பதினொரு மாதம், பத்துப் பேர் கூடியிருக்கும் இடத்தில் சொல்வது வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் மகன் இல்லாத ஒருவர், தன் மகளே தனக்குக் கதீஷ் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். அந்த ஊர் அறிஞர்கள் தடுக்கவில்லை. ஜெர்மனியில் ரப்பி யாயிர் பாகராக் இதைப் பற்றி எழுதினார். மகள் சொல்வதை மறுக்கத் தக்க ஆதாரம் இல்லை, மகள் சொன்னாலும் அப்பாவின் ஆன்மாவுக்கு நன்மை உண்டு என்று ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டுவிட்டு, வழக்கங்கள் தளர்ந்துபோகும், ஆகவே விடக் கூடாது என்று முடித்தார். ஆதாரம் இல்லை என்று எழுதிய அதே கை கூடாது என்றும் எழுதியது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

எல்லா ஊரிலும் ஒரே 'கூடாது' இருந்ததில்லை. பெண் பாடும் குரலை ஆண் கேட்கலாகாது என்று பல இடங்களில் கறாராக இருந்தார்கள். நமக்குப் பக்கத்திலே கொச்சியில் யூதப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருந்த மலையாளப் பாட்டுகளைக் கல்யாணத்திலும் பண்டிகையிலும் ஆண்கள் முன்னாலேயே பாடினார்கள்.

இனி உங்கள் 'நம் ஊர் பரவாயில்லை'. கடிதத்தில் என்னைக் கோபப்படுத்திய வரி அதுதான்.

எங்கள் தாத்தாவுக்கு மூன்றும் பெண்கள். மூத்தவள் என் அம்மா. திருநெல்வேலியில் பட்டாசாலை ஊஞ்சலில் உட்காரவைத்து, ஏழு வயதிலிருந்து அவளுக்குத் திருவாசகம் சொல்லிக்கொடுத்தார். எங்கே மூச்சு விட வேண்டும் என்று புத்தகத்தில் ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் சின்னக் கோடு போட்டிருப்பார். தாத்தா இறந்து பதினாறாம் நாள், வருவதாகச் சொன்ன ஓதுவார் வரவில்லை. அம்மா எழுந்து, "நான் படிக்கிறேன்" என்றாள். மாமா ஒருவர் ரொம்ப அன்பாகத்தான் சொன்னார்: "நீ எதுக்கும்மா செரமப்படுத? உள்ள ஆயிரம் சோலி கெடக்கு. பேரன் இருக்காம்லா, அவன் படிக்கட்டும்." யாரும் யாரையும் தடுக்கவில்லை, அம்மாவுக்கு விலக்குக் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. சிவபுராணத்தில் 'புல்லாகிப் பூடாய்' வரைக்கும் ஒப்பேற்றிவிட்டேன். 'பல்விருகமாகி'யில் நாக்கு புரண்டு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அடுக்களை வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள், கையில் சாம்பார் கரண்டி. உதடு அசைந்துகொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. நான் நின்ற இடத்தைத் தாண்டி அவள் வெகுதூரம் போயிருந்தாள். பென்சில் கோடுகள் எதற்கு என்று எனக்குத் தெரியாது, அவள் உதடுகள் அந்த இடங்களில் நின்று நின்று போயின.

பல வருடம் கழித்து, பைபிளில் அன்னாளின் கதையைப் படித்தபோது மேற்கொண்டு படிக்க முடியவில்லை. பிள்ளையில்லாத அன்னாள் சீலோ ஆலயத்தில் நின்று வேண்டுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, குரல் கேட்கவில்லை. குடித்திருக்கிறாள் என்று நினைத்து ஆசாரியன் ஏலி அவளைத் திட்டுகிறான். பின்னாளில் தல்மூத் அறிஞர்கள் எப்படிப் பிரார்த்திப்பது என்பதற்கான விதிகளை அவளிடமிருந்துதான் எடுத்தார்கள்: மனம் ஒன்ற வேண்டும், உதடு சொல்லை உருவாக்க வேண்டும், குரல் எழும்பக் கூடாது. இன்றும் நாளுக்கு மூன்று வேளை யூத ஆண்கள் எழுந்து நின்று உதட்டை மட்டும் அசைத்துச் சொல்கிறார்களே, அது அன்னாளின் முறை. அவளிடம் கற்றுக்கொண்டவர்களுக்கு அவளைத் திரைக்குப் பின்னால் அனுப்பவும் மனம் வந்திருக்கிறது.

1916இல் ஹென்ரியட்டா சோல்ட் எழுதிய ஒரு கடிதத்தை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும். ஹடாசா என்ற யூதப் பெண்கள் அமைப்பை 1912இல் நிறுவியவர். ரப்பி பட்டம் கேட்கமாட்டேன் என்று உறுதி சொன்ன பிறகே யூத இறையியல் கல்லூரியில் அவரைப் படிக்க விட்டார்கள். அவருடைய அம்மா இறந்தபோது, குடும்ப நண்பர் ஹேம் பெரெட்ஸ் உங்களுக்குப் பதிலாக நான் கதீஷ் சொல்கிறேன் என்று முன்வந்தார். 55 வயது சோல்ட் அந்த அன்புக்கு மனதார நன்றி சொல்லிவிட்டு, முடியாது என்று பதில் எழுதினார். அவருடைய அம்மாவுக்கு எட்டு மகள்கள், மகன் இல்லை. அதற்காகப் பெற்றவர்கள் வருந்தி ஒரு வார்த்தை சொல்லி அவர் கேட்டதில்லையாம். அப்பா இறந்தபோதும், மகள்கள் இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவர் நிற்க அம்மா சம்மதிக்கவில்லையாம். அப்புறம் எழுதுகிறார்: செய்ய முடியாதபோதுதான் சட்டம் பெண்ணுக்கு விலக்குக் கொடுத்தது, செய்ய முடிகிறபோது அவளை விலக்கிவைப்பது அதன் நோக்கமே அல்ல என்று. நான் இவ்வளவு நேரம் மாய்ந்து மாய்ந்து சொன்னதை அவர் ஒரு பத்தியில் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு அந்தக் கடிதத்தைத் தமிழில் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு, "எட்டுப் பேரா?" என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. பைண்டிங் செய்தவர் ஓரங்களைக் கொஞ்சம் வெட்டிவிட்டார். கோடுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

தோழியிடம் கேட்கலாமா என்றீர்கள். 'ஏன் இன்னும் அங்கே இருக்கிறீர்கள்' என்று தயவுசெய்து கேட்காதீர்கள். பிரார்த்தனை முடித்து வந்து உட்கார்கிறாரே, மீட்டிங் தொடங்கும் முன் ஐந்து நிமிஷம் கிடைத்தால், அவருடைய அப்பா அவருக்கு என்னவெல்லாம் சொல்லிக்கொடுத்தார் என்று கேளுங்கள்.