கைதட்டும் ஓட்டும்: வந்த கேள்விகளும் என் பதில்களும்

சினிமா, பாட்டு, அரசியல், வெளிநாட்டு உறவு பற்றிக் கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறித்திருக்கிறேன்.

லாஸ்பேட்டை: ஐயா, நம் படம் வெளிநாட்டில் ஓடினால் அந்த நாட்டோடு உறவு வளருமா?

பேச்சைத் தொடங்க ஒரு வழி கிடைக்கும். ‘முத்து’ 1998இல் ஜப்பானில் வெளியாகி மாதக்கணக்கில் ஓடியது. 2006இல் மன்மோகன் சிங் ஜப்பான் நாடாளுமன்றத்தில் பேசும்போது அதைக் குறிப்பிட்டார். இனி மறுபக்கம். 2017 ஜூனில் கஜகஸ்தான் தலைநகர் அஸ்தானாவில் சீன அதிபர் ஷி ஜின்பிங், ‘தங்கல்’ பார்த்தேன், பிடித்திருந்தது என்று மோடியிடம் சொன்னார். அடுத்த வாரமே பூட்டானை ஒட்டிய டோக்லாமில் இந்திய, சீனப் படைகள் எதிரெதிரே நின்றன. ஆகஸ்ட் கடைசி வரை நகரவில்லை. படத்தை ரசித்ததும் உண்மை, படை நின்றதும் உண்மை.

வில்லியனூர்: என் மகள் கொரியப் பாட்டே கதி என்று இருக்கிறாள். அதைச் சீனா ஏன் ஒதுக்கியது?

அமெரிக்காவின் தாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுத்தத் தென்கொரியா 2016இல் சம்மதித்தது. அதன் ரேடார் தன்னையும் வேவு பார்க்கும் என்று கோபப்பட்ட சீனாவில் கொரிய நாடகங்களும் கச்சேரிகளும் மறைந்தன. அதே ஆண்டு ஜனவரியில் வடகொரியா அணுகுண்டு சோதித்ததும், தென்கொரியா எல்லையில் ஒலிபெருக்கி கட்டி இதே பாட்டுகளைப் போட்டது. மகள் கேட்கட்டும் அம்மா.

மஞ்சக்குப்பம்: எம்.ஜி.ஆர். முதல்வரானது சினிமாவால்தானே?

சினிமா அவர் முகத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. ஆனால் 1972இல் அவர் கட்சி தொடங்கியபோது ஊருக்கு ஊர் மன்றங்கள் தயாராக இருந்தன. ஏறக்குறைய இருபது ஆண்டு தி.மு.க. மேடைப் பழக்கமும் இருந்தது. அடுத்த ஆண்டே திண்டுக்கல் இடைத்தேர்தலில் வெற்றி. அ.தி.மு.க. முதன்முதலில் ஆட்சி அமைத்தது எங்கள் புதுச்சேரியில்தான், 1974 மார்ச்சில். இங்குள்ள இளைஞர்களுக்கே இது தெரிவதில்லை. சபையில் ஆள்பலம் போதாமல் சில வாரங்களில் அது கவிழ்ந்தது. சிவாஜி கணேசனுக்கு ரசிகர் குறைவா? தனிக்கட்சி கண்டு 1989இல் திருவையாற்றில் தோற்றார். கைதட்டையும் ஓட்டையும் ஒன்றாக எண்ணாதீர்கள்.

மஞ்சக்குப்பம், மீண்டும்: சிவாஜி சேர்ந்த கூட்டணி தப்பு. அதை வைத்துச் சினிமாவைக் குறைக்கக் கூடாது.

கூட்டணியால் தோற்றார் என்றால், முகத்துக்கு மேல் வேறு ஏதோ தேவைப்பட்டது என்றுதானே ஆகிறது?

விருத்தாசலம்: குறுக்கே வருகிறேன், ஐயா. 2006இல் எங்கள் ஊரில் விஜயகாந்த் கூட்டணி இல்லாமல் ஜெயித்தாரே!

நல்ல கேள்வி, என்னை யோசிக்க வைத்தது. ஒரு தொகுதியில் முகமே கரை சேர்க்கும், ஒப்புக்கொள்கிறேன். மாநிலம் முழுதும் நூற்றுக்கு எட்டு ஓட்டு வாங்கிய அவர் கட்சிக்கு அந்த முறை கிடைத்தது உங்கள் ஊர் ஒன்றுதான். 2011இல் அ.தி.மு.க.வோடு சேர்ந்து 29 இடம். 2016இல் ஓரிடமும் இல்லை. அவரே உளுந்தூர்பேட்டையில் தோற்றார். பத்து ஆண்டில் ரசிகர்கள் மாயமாகிவிடவில்லை. மாறியது கூட்டணி.

மஞ்சக்குப்பத்தாரும் விருத்தாசலத்தாரும் இதற்குப் பிறகும் ஆளுக்கு இரண்டு முறை எழுதினார்கள். புதிய விவரம் இல்லாததால் சேர்க்கவில்லை.

பண்ருட்டி, நெல்லித்தோப்பு, சிதம்பரம்: நடிகர் கட்சி தொடங்கினால் ஜெயிப்பாரா?

மூவருக்கும் சேர்த்து: மேலே சொன்ன பதில்களைப் படியுங்கள். ஜோசியம் சொல்ல மாட்டேன். வாக்குச்சாவடியில் காலை முதல் மாலை வரை உட்கார அவருக்கு ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். கைதட்டு வேறு, ஓட்டு வேறு.

அரியாங்குப்பம்: பிரெஞ்சு எங்கே கற்கலாம்?

அல்லியான்ஸ் பிரான்சேஸில். 1889 முதல் இங்கே இருக்கிறது. சேர்க்கை விவரம் அவர்களிடமே கேளுங்கள்.

கடலூர் முதுநகர்: சினிமா வருவதற்கு முன் பாட்டுக்கு இந்தப் பலம் இருந்ததா?

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பாரதி 1908இல் புதுச்சேரிக்கு வந்தது, பிரெஞ்சு எல்லைக்குள் வெள்ளைக்காரப் போலீஸ் கைவைக்க முடியாது என்பதால். ‘இந்தியா’ இதழ் இங்கிருந்து கேலிச்சித்திரங்களோடு வந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் படம் புரிந்தது. பிரிட்டிஷ் பகுதிக்குள் இதழை நுழையவிடாமல் தடுத்தார்கள். 1910இல் அது நின்றே போனது. 1918 நவம்பரில் எல்லை தாண்டியதும் அவரைப் பிடித்துக் கடலூர்ச் சிறையில் அடைத்தார்கள். அவர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1928இல், அவருடைய பாட்டுப் புத்தகங்களைச் சென்னை அரசு பறிமுதல் செய்தது. நம் ஜனங்களில் பெரும்பாலோருக்கு அன்று ஓட்டே கிடையாது. ஆனாலும் அந்தப் பாட்டுக்கு அரசு பயந்தது. சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி எழுந்து அதைக் கண்டித்துப் பேசினார்.