மலைச்சரிவில் முதல் வீடு

கேள்வி: கோத்தகிரி அருகே 5 சென்ட் இடத்தில் உள்ள பழைய வீட்டை வாங்க விரும்புகிறோம். இதுவே எங்கள் முதல் வீடு. வில்லங்கச் சான்றிதழில் வில்லங்கம் எதுவும் இல்லை. பட்டாவும் விற்பவர் பெயரில் உள்ளது. இந்த வாரமே முன்பணம் கொடுக்கும்படி தரகர் அவசரப்படுத்துகிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இப்போது கொடுக்க வேண்டாம், அம்மா. வில்லங்கச் சான்றிதழ் பதிவானவற்றை மட்டுமே காட்டும். பதிவாகாத உயிலோ, பாகம் பிரியாத உடன்பிறந்தோரின் உரிமையோ அதில் தெரியாது என்பதால், தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்) முதலான எல்லா அசல் பத்திரங்களையும் வழக்கறிஞரிடம் காட்டி, அவருடைய கருத்தை எழுத்து மூலமாகப் பெறுங்கள். தேயிலைத் தோட்டத்தின் ஊடே நடந்துதான் வீட்டை அடைய வேண்டுமென்றால், அந்த வழியின் உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பட்டா நிலத்துக்குரியது, வீட்டுக்கு அனுமதி தனியே வேண்டும். நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டு வாங்கி, வீட்டோடு அறை அறையாக ஒப்பிடுங்கள். வரைபடத்தில் இல்லாத மாடி இருந்தால் வங்கி கடன் மறுக்கலாம். பின்னாளில் அதிகாரிகள் சீல் வைக்க வந்தால் பாதிப்பு முழுவதும் உங்களுக்குத்தான்.

எனக்குப் பெரிய கவலை வீட்டின் பின்புறம்தான். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். சரிவைச் செங்குத்தாக வெட்டித் தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தால், அச்சுவரில் நீர் வடியும் குழாய்கள் உள்ளனவா, அவற்றின் வாய் மண்ணால் அடைபட்டிருக்கிறதா, சுவர் நடுவில் புடைத்திருக்கிறதா என்று பொறியாளரோடு சென்று பாருங்கள். மேல்வீட்டுக் கழிவுநீர் எங்கே இறங்குகிறது என்பதையும் அவசியம் கேளுங்கள். கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை வலுக்கும் நாளொன்றில், மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு முறை சென்று பார்ப்பது எந்தச் சான்றிதழையும்விட மேலானது. இவையெல்லாம் திருப்தியாக இருந்தால், கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்துகொண்டு, முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

கேள்வி: கூடலூரில் ஒரு வீடு மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. பட்டா மட்டும் பிறகு கிடைத்துவிடும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகர், கூடலூர்

பதில்: நம்ப வேண்டாம். கூடலூர், பந்தலூர் பகுதிகளில் 1969-ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் (ஜென்மிகள் எனப்பட்ட பழைய நிலக்கிழார்களின் உரிமையை ஒழித்த சட்டம்) 17-ஆம் பிரிவில், அதாவது அவர்கள் தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்ட நிலங்கள் பற்றிய பிரிவில், சிக்கியுள்ள நிலங்கள் ஏராளம். பல்லாண்டுகளாகக் குடியிருப்பவர்களே பட்டாவுக்கும் மின் இணைப்புக்கும் போராடி வருகிறார்கள். சர்வே எண்ணுடன் வட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரியுங்கள். பிரிவு 17 நிலம் என்று தெரிந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள்.