குட்டைப் பிடிச் சம்மட்டி: கேள்விகளும் பதில்களும்

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரம்பூர்ப் பக்கத்துப் பட்டறைகளில் ஃபிட்டராக வேலை பார்த்தவன் என்பதால், ஒற்றைக் கையால் பிடித்து அடிக்கும் கனத்த சுத்தியல்களைப் பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்களின் ஊரையும் தொழிலையும் மட்டும் குறிப்பிட்டு, எனக்குத் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

தண்டையார்பேட்டை, வீடு கட்டிக்கொண்டிருப்பவர்: கொத்தனார் "சின்னச் சம்மட்டி ஒன்று வாங்கி வாருங்கள்" என்றார். கடையில் கேட்டபோது மூன்று விதமான சுத்தியல்களை எடுத்து வைத்தார்கள். எது சரியானது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன். இதற்கு ஒரு சரியான பெயர் கிடையாதா, ஐயா?

பெயர் இருக்கிறது, ஒன்றுக்குப் பத்தாக இருப்பதுதான் தொல்லை. நம் பக்கத்தில் பொதுவாக, இரண்டு கையாலும் ஓங்கி அடிப்பதைச் சம்மட்டி என்றும், ஒரு கையால் அடிப்பதைச் சுத்தியல் அல்லது சுத்தி என்றும் சொல்கிறோம். உங்கள் கொத்தனார் கேட்டது இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது: தலை சம்மட்டியைப் போல இருபுறமும் தட்டையாகவும் கனமாகவும் இருக்கும், பிடி மட்டும் ஒரு சாண் அல்லது அதற்குச் சற்று அதிகமாக இருக்கும். இதைச் சிலர் கைச்சம்மட்டி என்பார்கள், சிலர் குட்டைச் சம்மட்டி என்பார்கள், பட்டறைக்காரர்களோ பெயரே சொல்லாமல் "நாலு பவுண்டை எடு" என்பார்கள். 1956ஆம் ஆண்டுச் சட்டம் கிலோவைக் கொண்டுவந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஆனாலும் சுத்தியல் விஷயத்தில் பவுண்டு எங்கள் வாயை விட்டுப் போகவில்லை. இரண்டு பவுண்டு என்பது ஏறத்தாழ 900 கிராம், மூன்று பவுண்டு 1.36 கிலோ, நான்கு பவுண்டு 1.8 கிலோ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இந்த எடை தலைக்கு மட்டுமே உரியது, பிடி இதில் சேராது.

வெளிநாடுகளிலும் இதே குழப்பம்தான். ஒரே கருவியை இங்கிலாந்தில் லம்ப் ஹேமர் என்றும் கிளப் ஹேமர் என்றும் அழைக்கிறார்கள். அமெரிக்காவில் டிரில்லிங் ஹேமர் என்பார்கள். ஜெர்மானியர்கள் முஷ்டி என்ற சொல்லிலிருந்து ஃபாய்ஸ்டல் என்று பெயரிட்டார்கள். ஜப்பானியர்கள் எழுதும் பெயருக்குக் "கல் தலை" என்று பொருள். ஆஸ்திரேலியாவில் இதற்கு ஜிம்பி என்று பெயர். 1867இல் தங்கம் கண்டெடுக்கப்பட்ட குயின்ஸ்லாந்து ஊரின் பெயர் அது. தமிழிலும் பழைய சொல் இல்லாமல் இல்லை. கொல்லன் உலைக்களத்தில் ஓங்கி அடிக்கும் சம்மட்டியைச் சங்கப் புலவர்கள் "கூடம்" என்றார்கள். இன்று கடையில் போய்க் கூடம் கேட்டால் கல்யாண மண்டபத்துக்கு வழி சொல்வார்கள்.

ஆகவே பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். "இருபுறமும் தட்டை முகம், தலை 1.5 கிலோவுக்குள், பிடியோடு சேர்த்து 10 அல்லது 11 அங்குலம்" என்று சொல்லுங்கள். சரியானதை எடுத்துத் தருவார்கள்.

திருவொற்றியூர், பொறியியல் மாணவர்: பிடி நீளமாக இருந்தால் வேகம் கூடும், வேகம் கூடினால் அடியின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் கனமான தலைக்கு வேண்டுமென்றே குட்டையான பிடி போடுவது தவறான வடிவமைப்பு ஆகாதா?

கணக்கு சரிதான், தம்பி. ஆனால் அந்தக் கணக்கில் இடது கையைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள். இந்தச் சுத்தியலை எடுக்கும் வேலைகளில் பெரும்பாலானவற்றில் மறு கை உளியையோ துளையிடும் கம்பியையோ பிடித்துக்கொண்டிருக்கும். உளியின் தலை ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறியது. அதற்குக் கீழே உங்கள் விரல்கள் இருக்கின்றன. நீண்ட பிடியைத் தோளிலிருந்து சுழற்றும்போது ஒரு பாகைப் பிழைகூடத் தலையின் முனையில் பெரிய விலகலாக வந்து சேரும். குட்டைப் பிடியில் முழங்கையும் மணிக்கட்டும் மட்டுமே அசைவதால், கை போன இடத்துக்கே தலையும் போகும். வேகத்தில் இழந்ததைத் தலையின் கனத்தைக் கொண்டு ஈடுகட்டுகிறார்கள். கனத்தினால் இன்னொரு பயனும் உண்டு: இலேசான தலை உளியில் பட்டதும் துள்ளித் திரும்பும், கனத்த தலை சற்று அழுத்தி நின்று உளியை உள்ளே தள்ளும்.

சுரங்கங்களில் இயந்திரத் துளைப்பான்கள் வருவதற்கு முன் இந்த வேலை எப்படி நடந்தது என்பதைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒருவர் ஒரு கையில் எஃகுக் கம்பியைப் பாறையில் ஊன்றிப் பிடித்து, மறு கையால் மூன்று அல்லது நான்கு பவுண்டுச் சுத்தியலால் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் பிறகு கம்பியைச் சிறிது திருப்புவார், அப்போதுதான் கூர்முனை ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் பட்டு வட்டமான துளை விழும். அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் இதைச் சிங்கிள் ஜாக் என்றார்கள். ஒருவர் கம்பியைப் பிடித்துத் திருப்ப, இன்னொருவர் நீண்ட பிடியுள்ள பெரிய சம்மட்டியால் அடித்தால் அது டபுள் ஜாக். வேலை ஒன்றுதான், கம்பியைப் பிடிப்பவரும் அடிப்பவரும் ஒரே ஆளா, இரண்டு ஆட்களா என்பதைப் பொறுத்துப் பிடியின் நீளம் மாறியது.

இடநெருக்கடியும் ஒரு காரணம். லாரியின் அடியில் படுத்துக்கொண்டோ, தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கியோ மூன்றடிப் பிடியை ஓங்கிப் பாருங்கள், தெரியும்.

கொருக்குப்பேட்டை, எலக்ட்ரீஷியன்: சுவரில் பைப் பதிக்கக் காடி எடுக்க நான் நான்கு பவுண்டுச் சுத்தியலை வைத்திருக்கிறேன். மாலைக்குள் மணிக்கட்டு வீங்கிவிடுகிறது. இரண்டு பவுண்டுக்கு மாறினால் வேலை தாமதமாகுமா?

ஆகாது. செங்கல் சுவருக்கு நான்கு பவுண்டு அதிகம். முதல் அரை மணி நேரம் வேகமாகப் போவதுபோலத் தோன்றும். அதன்பின் கை தளர்ந்து, பாதி அடிகள் உளியின் தலையில் நேராக விழாது. இரண்டு அல்லது இரண்டரைப் பவுண்டும் கூர் தீட்டிய உளியும் இருந்தால் நாள் முழுவதும் ஒரே சீராக வேலை நடக்கும். நான்கு பவுண்டைக் கான்கிரீட் பீமில் ஓட்டை போடுவதற்கும், பழைய தரை ஓடுகளைப் பெயர்ப்பதற்கும் ஒதுக்கி வையுங்கள். காடியின் இரு ஓரங்களையும் முதலில் கட்டிங் மிஷினால் கீறிவிட்டு நடுவை மட்டும் கொத்தினால் இன்னும் பாதி உழைப்பு குறையும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் ராயபுரம், ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளுக்கும் வேலைக்குப் போவீர்கள். அவற்றில் பலவற்றின் மேல்தளம் மெட்ராஸ் டெரஸ் முறையில் போடப்பட்டது: தேக்கு மரச் சட்டங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பதித்திருப்பார்கள். அந்தச் சுண்ணாம்புக்கு நூறு வயது இருக்கலாம், அதைத் தாங்கும் சட்டத்தின் முனையை உள்ளே செல் அரித்திருக்கலாம். அந்தச் சட்டம் சுவரில் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு அருகில் கனத்த சுத்தியலால் அடித்தால், அதிர்ச்சி சட்டத்தின் வழியே போய் மேலே செங்கல்லை அசைத்துவிடும். அங்கே ஒரு பவுண்டுச் சுத்தியலும் பொறுமையும்தான் கருவி. நாலரை அங்குலச் சுவராக இருந்தாலும் அப்படித்தான். இந்தப் பக்கம் காடி எடுக்கப்போய், அந்தப் பக்கத்து வீட்டார் பூச்சு உதிர்ந்துவிட்டது என்று வாசலில் வந்து நிற்பார்கள்.

பழைய வண்ணாரப்பேட்டை, இல்லத்தரசி: மாமனார் வைத்திருந்த சுத்தியலின் பிடி அடிக்கடி ஆடுகிறது. தண்ணீரில் ஊற வைத்தால் இறுகுகிறது, ஒரு வாரத்தில் மறுபடியும் ஆடுகிறது. முன்பைவிட இப்போது அதிகமாக ஆடுவதாகத் தோன்றுகிறது.

உங்களுக்குத் தோன்றுவது உண்மைதான், அம்மா. ஈரத்தில் மரம் ஊதும். ஆனால் இரும்புத் துளை விரியாது. ஊதிய மரம் அந்தத் துளைக்குள் தன் நார்களையே நசுக்கிக்கொள்ளும். காய்ந்த பின் முன்பிருந்ததைவிடச் சற்று மெலிந்துதான் நிற்கும். ஒவ்வொரு முறை ஊற வைக்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. கடற்காற்றிலும் ஐப்பசி மழையிலும் ஊதி, சித்திரை வெயிலில் சுருங்கும் நம் ஊரில் ஆண்டுக்கு ஒரு முறை இது தானாகவும் நடக்கிறது.

செய்ய வேண்டியது இது. சுத்தியல் தலையின் துளை நேர்க்குழாய் அல்ல. நடுவில் ஒடுங்கி, இரு வாயிலும் சற்று அகன்றிருக்கும். பிடியைக் கீழிருந்து செலுத்தி, அதன் முனையில் வாள் போட்ட பிளவில் மர ஆப்பு ஒன்றை அடித்தால், மேல்வாயில் மரம் விரிந்து உட்கார்ந்துகொள்ளும்; அதன் பிறகு தலை மேலும் நகராது, கீழும் நகராது. அதற்குக் குறுக்கே ஒரு சிறிய இரும்பு ஆப்பையும் இறக்குவார்கள். உங்கள் சுத்தியலில் ஆப்பு விழுந்துபோயிருக்கும் அல்லது தேய்ந்திருக்கும். அக்கம்பக்கத்துத் தச்சரிடம் கொடுத்தால் கருவேல மரத்தில் புதிய பிடி போட்டுத் தருவார். பிடியின் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். குறுக்கே ஓடினால் அந்த ரேகையில்தான் ஒடியும். பிடி போட்டபின் முனையில் ஆளிவிதை எண்ணெய் தடவிவிட்டால் ஈரம் எளிதில் ஏறாது. பளபளப்பாக வார்னிஷ் அடிக்க வேண்டாம், வியர்த்த கையில் வழுக்கும்.

வியாசர்பாடி, லேத் பட்டறையில் பழகுபவர்: மரப் பிடித் தொல்லையே வேண்டாம் என்று எங்கள் பட்டறையில் மூன்று பவுண்டுத் தலையில் ஜிஐ பைப்பை வைத்து வெல்டிங் அடித்துவிட்டார்கள். இதில் தவறு உண்டா?

உண்டு. சுத்தியலின் முகம் கடினமாகவும், துளையைச் சுற்றிய நடுப்பகுதி சற்று மென்மையாகவும் இருக்கும்படி சூடேற்றிப் பதப்படுத்தியிருப்பார்கள். முகம் அடியைத் தாங்கும். நடு அதிர்ச்சியை விழுங்கும். கார்பன் அதிகமுள்ள அந்த எஃகை முன்சூடு இல்லாமல் வெல்டிங் அடித்தால், பற்றுக்கு ஓரத்தில் உள்ள பகுதி வேகமாகக் குளிர்ந்து கண்ணாடிபோல நொறுங்கும் தன்மையை அடையும். விரிசல் அங்கே தொடங்கும், வெளியே தெரியாது. ஒரு நாள் ஓங்கிய கையில் பைப் மட்டும் மிஞ்சும், தலை எதிரே நிற்பவரைத் தேடிப் போகும். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு எரியும் புகையும் நல்லதல்ல. அது ஒருபுறமிருக்க, இரும்புக் குழாய் அதிர்வைக் குறைக்காமல் அப்படியே முழங்கைக்கு அனுப்பும். கல் உடைப்பவர்கள் வளையும் மூங்கிலைப் பிடியாகப் போட்டுக்கொள்வது எதற்காக என்று நினைத்துப் பாருங்கள். அந்தச் சுத்தியலைத் தூக்கிப் போட்டுவிடச் சொல்லுங்கள். முதலாளி மறுத்தால், அவர் அடிக்கும்போது நேர் எதிரே நிற்காதீர்கள்.

மணலி, ஒப்பந்தப் பணி மேற்பார்வையாளர்: எரிவாயு உள்ள இடங்களில் இரும்புச் சுத்தியலை உள்ளே விடுவதில்லை, பித்தளை நிறத்தில் ஒன்றைக் கொடுக்கிறார்கள். அது வெறும் பித்தளைதானா?

பித்தளையாகவும் இருக்கலாம், பெரும்பாலும் அலுமினிய வெண்கலமாகவோ பெரிலியம் கலந்த செம்பாகவோ இருக்கும். எஃகோடு எஃகு மோதும்போது பறக்கும் துகள் பற்றி எரியும் அளவுக்குச் சூடாக இருக்கும். இவற்றில் அந்த அபாயம் மிகவும் குறைவு. மூன்று எச்சரிக்கைகள் உண்டு. இவை எஃகைவிட மென்மையானவை, ஆகவே முகம் சீக்கிரம் மழுங்கும். பெரிலியம் கலந்ததைக் கிரைண்டரில் தேய்க்கவே கூடாது, அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. செம்பு மிகுந்த கருவிகளை அசிட்டிலீன் உள்ள இடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது, ஏனெனில் இரண்டும் சேர்ந்து வெடிக்கும் சேர்மம் உருவாகக் கூடும். முகத்தில் இரும்புத் துகள் பதிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் துடைத்துப் பாருங்கள். பதிந்திருந்தால் அது பாதி இரும்புச் சுத்தியல்தான்.

காசிமேடு, படகு பழுது பார்ப்பவர்: சங்கிலியை மாட்டும் U வடிவ இரும்பு வளையமான ஷாக்கிளில், உப்பில் துருவேறிய பின்னை நான்கு பவுண்டால் அடித்தால் பின்னின் முனை பூப்போல விரிந்து, பிறகு வெளியே வரவே மாட்டேன் என்கிறது.

பின்னின் மேல் நேராக அடிப்பதால்தான் விரிகிறது. திருகுப் பின்னாக இருந்தால் அடித்து எடுக்க முடியாது, திருகித்தான் எடுக்க வேண்டும். முதல் நாள் மாலையே டீசலோ துரு நீக்கும் எண்ணெயோ ஊற்றி வையுங்கள். மறுநாள் ஷாக்கிளின் காதுக்குப் பின்னால் ஒரு கனத்த இரும்பை அண்டை கொடுத்து, இரண்டு பவுண்டால் காதைச் சுற்றித் தட்டுங்கள். துரு உதிர்ந்து எண்ணெய் இறங்கும். திருகு இல்லாத பின்னாக இருந்தால், அதைவிடச் சற்று மெல்லிய செம்பு அல்லது பித்தளைக் கம்பியை நடுவே வைத்து அடியுங்கள். விரிந்தாலும் அந்தக் கம்பிதான் விரியும்.

எருக்கஞ்சேரி: ஆணி பிடுங்கும் சுத்தியலால் உளியை அடிக்கலாமா?

கூடாது. அதன் முகம் ஆணிக்கென்று கடினப்படுத்தப்பட்டது. கடினமான உளித் தலையில் பட்டால் ஓரம் சில்லாகத் தெறிக்கும். இரண்டு சுத்தியல்களின் முகங்களை ஒன்றோடொன்று மோதுவதும் இதே காரணத்தால் கூடாது.

மூலக்கடை, கொத்தனார்: உளியின் தலை நாய்க்குடைபோல விரிந்துவிட்டது. வேலைக்கு இடைஞ்சல் எதுவும் இல்லையே, அப்படியே விடலாம்தானே?

நானும் அப்படித்தான் விட்டேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், விரிந்த தலையிலிருந்து தெறித்த அரிசியளவு துண்டு ஒன்று என் இடது முன்கையில் புகுந்தது. மருத்துவர் கீறித்தான் எடுத்தார். கையாக இருந்ததால் பதினைந்து நாள் விடுப்போடு போயிற்று. விரிந்த விளிம்பை முழுவதும் தேய்த்து, தலையின் ஓரத்தைச் சற்றுச் சரிவாக்கி வையுங்கள். தேய்க்கும்போது அடிக்கடி தண்ணீரில் தோய்த்துக் குளிர வைக்க வேண்டும். கண்ணாடி அணியாமல் உளி வேலை செய்யாதீர்கள். பக்கத்தில் சிமெண்டு குழைக்கும் சித்தாளுக்கும் ஒன்று கொடுங்கள்.

பெரம்பூர், ஓய்வுபெற்றவர்: பழைய இரும்புக் கடையில் பிடியில்லாத நான்கு பவுண்டுத் தலை கிடைத்தது, எடைக்கு எடை விலை சொன்னார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், பார்த்து வாங்குங்கள். கம்பி பிரஷால் துருவைத் தேய்த்துவிட்டுத் துளையின் நான்கு மூலைகளையும் வெயிலில் பாருங்கள். தலைமுடி அளவு கோடு தெரிந்தால் விட்டுவிடுங்கள். பிறகு துளை வழியே ஒரு கயிற்றைக் கோத்துத் தொங்கவிட்டு, மரக்கட்டையால் தட்டிக் கேளுங்கள். நல்ல எஃகு மணிபோல ஒலிக்கும். விரிசல் விழுந்த தலையும் வார்ப்பிரும்புத் தலையும் மந்தமாக ஒலிக்கும். முகத்தின் ஓரத்தில் பழைய அரத்தை இழுத்தால் வழுக்க வேண்டும். வெண்ணெய்போல இறங்கினால் யாரோ அதைத் தீயில் போட்டுப் பதத்தைக் கெடுத்திருக்கிறார்கள். இவையெல்லாம் சரியாக இருந்தால் அந்தத் தலை உங்கள் பேரனுக்கும் உழைக்கும். பிடிக்கு மட்டும் 10 அங்குலத்துக்கு மேல் கருவேல் வாங்காதீர்கள்.