"அக்கா மகன்" என்று சொன்னீர்களே!

கேள்வி: நான் மேடை நடிகை. கணவரைப் பிரிந்துவிட்டேன். ஆறு வயது மகன் என் அம்மாவிடம் வளர்கிறான். (ஒருநாள் ஒத்திகைக்கு வந்தவனை, வாய்ப்பு போய்விடுமோ என்று அக்கா மகன் எனச் சொல்லிவைத்தேன்.) இத்தாலிய நடிகை அன்னா மாக்னானியும் மகனை சுவிட்சர்லாந்தில் விட்டுவிட்டுத்தானே நடித்தார்? எனக்கு மட்டும் ஏன் மனசு உறுத்துகிறது?

பதில்: நடிக்கப் போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, அது உங்கள் பிழைப்பு. ஆனால் எதை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். நீங்கள் அப்படிச் சொன்னபோது பிள்ளை பக்கத்தில்தானே நின்றான்?

மாக்னானியைத் துணைக்கு இழுத்தால் அவர் கதையை முழுசாகக் கேளுங்கள். 1908இல் ரோமில் பிறந்தவர். அப்பா முகம் தெரியாது, அம்மா எகிப்துக்குப் போய்விட்டார், வளர்த்தது பாட்டி. பாட்டி வீட்டுப் பிள்ளைக்கு என்ன வலிக்கும் என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடகம் படித்து, இரவு விடுதிகளில் பாடி, நகைச்சுவை நடிகர் டோட்டோவோடு மேடையேறி மேலே வந்தார். 1942இல் மகன் லூகா பிறந்தான். அவன் தகப்பன், நடிகர் மாஸிமோ செராட்டோ, மாக்னானியின் கணவர் இல்லை. கணவர் வேறொருவர், பிரிந்திருந்தார்கள், இத்தாலியில் 1970 வரை விவாகரத்துச் சட்டமே கிடையாது. முசோலினி ஆட்சி வேறு. ஊர் வாய் எப்படி இருந்திருக்கும்! அந்தப் பிள்ளைக்கு அமைந்தது அம்மாவின் பெயர்தான், லூகா மாக்னானி. இளம்பிள்ளை வாதம் அவன் கால்களை முடக்கியது, சுவிட்சர்லாந்துக்கு அனுப்பியது சிகிச்சைக்காக. அதையும் நீங்கள் செய்ததையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே, நியாயமா?

1956இல் சிறந்த நடிகைக்கான ஆஸ்கர் வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் இத்தாலியப் பெண் அவர்தான். சரி, அதை விடுங்கள். 1951இல் வந்த 'பெல்லிஸ்ஸிமா' பாருங்கள். மகளைச் சினிமாவில் சேர்க்க நாயாய் அலைகிற ஏழைத் தாயாக வருவார். நடிப்புச் சோதனைக்காக எடுத்த படத்தில் குழந்தை தேம்பித் தேம்பி அழும், சினிமாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அதை புரொஜெக்டர் அறையிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பார். அப்புறம் ஒப்பந்தம் வீடு தேடி வரும்போது கையெழுத்துப் போட மாட்டார்.

பெற்ற பிள்ளையை மறைத்துத்தான் ஒரு வேஷம் கிடைக்கும் என்றால் அந்த வேஷமே வேண்டாம். அடுத்த ஒத்திகைக்கு அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். அன்று யார் யார் காதில் "அக்கா மகன்" விழுந்ததோ, அத்தனை பேர் முன்னாலும் "இவன் என் மகன்" என்று சொல்லுங்கள். அவனும் கேட்கட்டும்.