பேயை டிரெய்லரிலேயே காட்டிவிடாதீர்கள்

கேள்வி: முதல் படமாக ஒரு பேய்ப் படம் எடுத்திருக்கிறேன். இரண்டரை நிமிட டிரெய்லரில் எட்டு இடங்களில் திடுக்கிட வைக்கும் ஷாட் இருக்கிறது. எடிட் அறையில் பயமாக இருந்தது. செல்போனில் பார்த்த நண்பர்கள் யாரும் அசையவில்லை. வியூஸ் ஏற்றித் தரும் ஒருவரிடம் பேசச் சொல்கிறார் தயாரிப்பாளர். பேசலாமா?

பதில்: முதலில் அந்த எட்டை ஒன்றாக்குங்கள், மிஞ்சினால் இரண்டு. இரண்டாவது அதிர்ச்சியிலேயே பார்ப்பவர் உஷாராகிவிடுவார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அவருக்கு வெறும் சத்தம்.

2013இல் வந்த ஹாலிவுட் பேய்ப் படம் 'தி கான்ஜுரிங்'கின் டீசரைத் தேடிப் பாருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு தேடும் விளையாட்டு. ஒளிந்திருப்பவர் கை தட்டித் துப்புக் கொடுக்க வேண்டும். அந்த விளையாட்டை நமக்குப் பழக்குவதற்கே டீசர் நிறைய நேரம் செலவழிக்கிறது. கடைசியில் நிலவறை இருட்டில் தீக்குச்சி வெளிச்சத்தில் அம்மா இருக்க, அவர் முகத்தருகே இரண்டு கைகள் நீண்டு தட்டுகின்றன. முகம் கிடையாது, உருவம் கிடையாது. உங்கள் படத்திலும் அப்படி ஒரு சத்தமோ பழக்கமோ இருக்கும். அதை ஆரம்பத்தில் சாதாரணமாகக் காட்டிவிட்டு, கடைசியில் கேட்கக் கூடாத இடத்திலிருந்து கேட்க வையுங்கள்.

செல்போனில் பயம் காணாமல் போனதற்குக் காரணம் வேறு. எடிட் அறையில் நெஞ்சை அதிரவைத்த அடித்தொனி உறுமலைச் சின்ன ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. மூச்சு, உரசல், கதவுக் கீல் இவையெல்லாம் போனிலும் கேட்கும். பயத்தை அவற்றில் வைக்கச் சொல்லுங்கள். அளவுக்கு மீறிச் சத்தமாக மிக்ஸ் செய்த வீடியோவை யூடியூப் மொத்தமாகத் தணித்துத்தான் ஒலிக்கும். ஆகவே முழுக்கக் கத்தினால் எந்தக் கத்தலும் எடுபடாது. அலறலுக்கு முன் இரண்டு மூன்று விநாடி இசையை அடியோடு நிறுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் போனில் பார்ப்பவருக்கு இருட்டு ஷாட்டில் தன் முகம்தான் தெரியும், டி.ஐ. (படத்தின் நிறம், வெளிச்சம் சரிசெய்யும் வேலை) செய்பவரிடம் டிரெய்லருக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் கூட்டச் சொல்லுங்கள்.

பேயை ஒளிப்பதற்கு ஒரு விலக்கு உண்டு: பேய்க் காமெடி. 'முனி' (2007), 'காஞ்சனா' (2011), 'அரண்மனை' (2014) போன்ற படங்களுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பேயைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பேய் யார், அதைக் கண்டு யார் ஓடுகிறார் என்பதுதான் அங்கே விற்பனை. மறைத்தால் என்ன வகைப் படம் என்றே குழம்பிப் போவார்கள். ஆனால் ஒரு காமெடி நடிகர் இருப்பதாலேயே உங்கள் படம் இந்த வகையில் சேர்ந்துவிடாது. பேய் வருகிற காட்சியிலேயே சிரிப்பு இருந்தால் காட்டுங்கள். சிரிப்பு ஒரு பக்கம், பேய் ஒரு பக்கம் என்றால் மறையுங்கள். பேய் பாதி காமெடி, பாதி சீரியஸ் என்றால் காமெடிப் பாதியை மட்டும் காட்டுங்கள்.

இவ்வளவு செய்தாலும் ஏரியா வாங்கும் விநியோகஸ்தர் வந்து பாட்டு பிட் எங்கே, ஃபைட் எங்கே என்பார். ரிலீஸ் தேதி கழுத்தை நெரிக்கும்போதுதான் டிரெய்லர் வேலையே தொடங்குகிறது நம் ஊரில். வருடக்கணக்கில் படம் எடுத்துவிட்டு, அதை விற்கப்போகிற இரண்டு நிமிடத்தை ஒரே இரவில் வெட்டச் சொல்லும் இந்தப் பழக்கம் எனக்குப் பொறுக்கவே இல்லை.

வியூஸ் ஆளிடம் பேசவே பேசாதீர்கள். போலிப் பார்வைகளை யூடியூப் கண்டுபிடித்தால் கழித்துவிடும். வீடியோவையே நீக்கவும் அதன் விதியில் இடம் உண்டு. பத்து லட்சம் பார்வைக்குக் கீழே நாற்பது கமெண்ட் கிடந்தால் ஓ.டி.டி.க்கு வாங்குபவருக்குப் புரியாதா? அதைவிடப் பெரிய நஷ்டம், எந்த நொடியில் ஆட்கள் விலகிப் போகிறார்கள் என்று காட்டும் வரைபடம் கெட்டுப்போவது. டிரெய்லரைத் திருத்த உங்களுக்கு இருக்கும் ஒரே நேர்மையான சாட்சி அதுதான். முறையாக விளம்பரமாக ஓட்டித் தருகிறோம் என்று வந்தாலும், விளம்பரக் கணக்கு உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்க வேண்டும், பணம் நேராக கூகுளுக்குப் போக வேண்டும். கணக்கைத் திறந்து காட்டத் தயங்குகிறாரா, எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பணத்தைச் சவுண்ட் டிசைனருக்குக் கொடுங்கள்.

யூடியூப்பில் போடும் டிரெய்லருக்குச் சென்சார் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் தியேட்டரில் ஓட்ட டிரெய்லருக்கும் அது வேண்டும். சென்சார் வாரியத்தின் இ-சினிபிரமாண் தளத்தில் தயாரிப்பாளரே நேரடியாக விண்ணப்பிக்கலாம். அதற்கும் ஓர் ஆள் வந்து, உள்ளே தெரிந்தவர் இருக்கிறார் என்பார். அவருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.